கௌரவமும் தூண்டிலும்

சென்ற வருஷம் காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போய் மீன் பிடிப்பது என்று ஒரு யோசனை செய்தேன். யோசனையோடு நின்றிருந்தால் வம்பில்லை. இரவுச் சாப்பாட்டின்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். போதாததற்குப் போய் வந்த பிறகு ஒரு பத்திரிகையில் நாலு வரி எழுதியும் விட்டேன். அன்று முதல் வீட்டிலும் வெளியிலும் தபாலிலும் நான் வாங்கிக்கொண்டிருக்கிற வசவுகளுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்கு ஆயுசு போதாது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

மாதம் புரட்டாசி. இங்கிலீஷ் நாவல்களில் இந்தப் பருவத்தில் இலைகள் பொன்னிறமாகி உதிரும். நம் பக்கத்தில் ஓர் இலையும் உதிர்வதில்லை. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று முன்னோர்கள் வகுத்து வைத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், வெயிலின் கொடுக்கு ஒடிந்து, வடகிழக்குப் பருவமழை இன்னும் இறங்காமல், வானம் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற சில நாட்கள் உண்டு. செங்கற்பட்டுப் பக்கத்து ஏரிகளில் அப்போது தண்ணீர் குறைந்து மடைப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். தண்ணீர் ஒதுங்கினால் மீனும் ஒதுங்கும். ஐப்பசியில் புது வெள்ளம் வந்துவிட்டால் மீன்கள் அதை எதிர்த்து ஏறி முட்டையிடப் போகும். அந்தச் சமயத்தில் அவற்றைத் தொடுவது பாவம். கரையும் சேறாகிவிடும். பள்ளிக்கூடம், வெயில், தண்ணீர், மீன் ஆகிய நான்கும் ஒத்து வருகிற சந்தர்ப்பம் வருஷத்தில் அந்தப் பத்து நாள்தான். நான் என்ன செய்யட்டும்?

முதல் ஆட்சேபம் அம்மாவிடமிருந்து வந்தது.

"புரட்டாசி மாசத்திலே மீனாடா? பெருமாள் மாசம். உனக்குப் புத்தி கித்தி ஏதாவது இருக்கா?"

அம்மாவோடு எனக்கு வழக்கில்லை. அவள் முப்பது நாளும் விரதம் இருக்கிறவள். நாங்கள் சனிக்கிழமை மட்டும் இருக்கிறோம். அவள் அதைக் குற்றமாகச் சொல்லிக் காட்டியது கிடையாது. நானும் அவளுடைய அடுக்களையில் மீனைக் கொண்டுபோய் வைத்தது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போவது, மீன் கிடைத்தால் கொல்லைப்புறத்தில் மண்சட்டி வைத்துச் சமைப்பது, அந்தச் சட்டியும் கரண்டியும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று ஐந்து நிமிஷத்தில் ஒரு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டுவிட்டது. பக்தி உள்ளவர்களோடு இப்படி ஓர் உடன்படிக்கைக்கு வருவது சுலபம். கஷ்டம், அம்மாவின் பக்தியைத் தன் கட்சிக்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டு வந்த மற்றவர்களோடுதான். புரட்டாசியின் புனிதத்தைப் பற்றி என்னிடம் அரைமணி நேரம் பிரசங்கம் செய்த ஒருவரை, ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டுக் கூட்டத்தில் இரண்டு கையிலும் பையோடு பார்த்தேன். பார்த்தும் பார்க்காததுபோல் வந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்திருந்தால் இதையும் ஒரு பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக வந்தது ஆட்சேபம் அல்ல, ஆதரவு. அது ஆட்சேபத்தைவிட மோசமாக இருந்தது. என் தமக்கையின் கணவர், "மாப்பிள்ளை, பிரமாதமான ஐடியா! பிளானை என்னிடம் விட்டுவிடு" என்றார். மறுநாள் காலையில் கைத்தொலைபேசிக்கு ஒரு பட்டியல் வந்தது. மடக்கு நாற்காலி ஆறு, வெளிநாட்டுத் தூண்டில் இரண்டு, சக்கரம் வைத்த ஐஸ் பெட்டி, பாட்டுப் பெட்டி, பிரியாணி பன்னிரண்டு பொட்டலம். மீன் பிடிக்கப் போகிற இடத்துக்குப் பன்னிரண்டு பொட்டலம் பிரியாணி! மீனின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். அந்த வெளிநாட்டுத் தூண்டிலின் விலையைக் கேட்டு என் மனைவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

எனக்கு வேண்டியது என்ன? ஒரு மூங்கில் கழி, பத்து முழம் தங்கூஸ் நரம்பு, சின்ன முள் நாலைந்து, ஒரு ஈயக்குண்டு, தக்கைக்கு ஒரு நெட்டித் துண்டு. கெண்டைக்குப் பிசைந்த கோதுமை மாவு. ஜிலேபி மீனுக்கும் கெளுத்திக்கும் தொட்டி மண்ணைக் கிளறினால் கிடைக்கிற மண்புழு. விரால் வேண்டுமென்றால் சிறு தவளை மாட்ட வேண்டும். என் பெண் அதற்குச் சம்மதிக்க மாட்டாள், ஆகவே விரால் வேண்டாம். ஒரு கூஜா தண்ணீர், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. முடிந்தது. அத்தான் மனம் நொந்து, "உனக்கு எதையும் பெரிதாகச் செய்யத் தெரியாது" என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். அவரையும் நான் மன்னித்துவிட்டேன்.

நான் மன்னிக்க முடியாதவர் மூன்றாமவர். நல்ல மனிதர். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். புத்தகம் படிக்கிறவர், என் புத்தகங்களைக்கூடப் படித்திருக்கிறார். விஷயத்தைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். காப்பி சாப்பிட்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"குழந்தைகளை ஏரிக்கு அழைத்துப் போக வேண்டுமென்றால் கொடைக்கானலுக்குப் போங்களேன், படகு விடலாம், குதிரை இருக்கிறது. மடைப்பக்கம் உட்கார்ந்து தூண்டில் போடுகிறதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் செய்கிற காரியமா? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?"

நம்மைப் போன்றவர்கள்! ஐயா வாசகரே, இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை முழுவதையும் எழுதுகிறேன்.

இந்த நண்பரின் அலமாரியில் எமிங்வேயின் கிழவனும் கடலும் இருக்கிறது. 1952-இல் வந்த அந்தப் புத்தகத்தை அவர் என்னிடம் எத்தனையோ முறை சிலாகித்திருக்கிறார். எண்பத்து நாலு நாள் மீன் கிடைக்காமல் எண்பத்தைந்தாம் நாள் கடலுக்குப் போகிற கியூபாக் கிழவனுக்காக அவர் கண் கலங்குவார். கியூபாக் கிழவன் தூண்டில் போட்டால் அது மானுடத்தின் பெருமை. செங்கற்பட்டுக் கிழவன் தூண்டில் போட்டால் அது 'அவர்கள்' செய்கிற காரியம். ஐசக் வால்ட்டன் என்ற லண்டன் வியாபாரி 1653-இல் தூண்டில் கலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்; முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் அதை மறுபடி மறுபடி அச்சிட்டு வருகிறார்கள். நண்பர் அதையும் அறிவார். இந்த நாட்டை ஆண்ட வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டுப் பொழுது போக்குவதற்கென்றே ட்ரௌட் மீனைக் கடல் கடந்து கொண்டுவந்து நீலகிரி நீரில் விட்டார்கள். முதலில் பல தடவை தோற்றார்கள். கடைசியில் 1907-இல் அவலாஞ்சியில் அதற்கென்று ஒரு குஞ்சு பொரிப்பகமே ஏற்பட்டது. துரைகள் இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று நாளெல்லாம் ஒரு மீனுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "துரையவர்களே, இது உங்களைப் போன்றவர்கள் செய்கிற காரியமா?" என்று நம் பெரிய மனிதர்கள் யாரும் கேட்கவில்லை. கூடை தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.

கொடைக்கானல் ஏரி மட்டும் தேவலோகத்திலிருந்து வந்ததா? அதுவும் 1863-இல் லெவிஞ்சு என்ற கலெக்டர் ஓடையை மறித்துக் கட்டிய அணைதான். நம் ஊர் ஏரியும் மண்ணால் கரை போட்டு மறித்த தண்ணீர்தான். வித்தியாசம், ஒன்றைத் துரை கட்டினார், மற்றதை மண் சுமந்தவர்கள் கட்டினார்கள் என்பது. அங்கே படகு விடுவது கௌரவம், இங்கே உட்காருவது அகௌரவம்.

கோபத்தில் நண்பரை மட்டும் திட்டிக்கொண்டு போவது நியாயமில்லை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊர் ஏரிக்கு மடை திறக்கிற கிழவர் ஒருவர். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தக்கை ஒரு தடவை நடுங்கினால் கெண்டை கொறிக்கிறது, இழுக்காதே. பக்கவாட்டில் நகர்ந்தால் ஜிலேபி, பொறு. ஒரேயடியாக முழுகினால் கெளுத்தி, இழு, ஆனால் பிடிக்கும்போது செவுளுக்குப் பின்னால் உள்ள முள்ளைக் கவனி. இவ்வளவும் அவர் வாயால் சொன்னது சொற்பம். முழங்கையால் என் விலாவில் இடித்துச் சொன்னதுதான் அதிகம். என் வாத்தியார்களில் யாருடைய பாடமும் இவ்வளவு நாள் நினைவில் நிற்கவில்லை. அந்தக் கிழவரை ஊரில் எல்லாரும் 'நீ, வா, போ' என்றார்கள். நானும் அப்படியேதான் கூப்பிட்டேன். ஒன்பது வயதுப் பையன், அறுபது வயதுக்காரரை! அவரும் என்னை 'சின்னவரே' என்று கூப்பிட்டார். மத்தியானம் எங்கள் வீட்டில் கொடுத்தனுப்புகிற சோற்றை அவர் கரையில் வைத்துத்தான் சாப்பிடுவார், திண்ணைக்கு வந்ததில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் என் சித்தப்பா நான் கரையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அடித்தது மீன் பிடித்ததற்காக அல்ல. யாரோடு உட்கார்ந்திருந்தேன் என்பதற்காக.

ஆகவே, தூண்டில் போடுவது நம்மைப் போன்றவர்கள் செய்கிற காரியமா என்று கேட்கும்போது, அந்தக் கேள்வியில் மீன் எங்கே இருக்கிறது? மனிதர்தாமே இருக்கிறார்? நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு ஜாதி வித்தியாசம் கிடையாது. அவரே சொல்லியிருக்கிறார்.

பழைய நூல்களைப் பற்றி மேடையில் அடிக்கடி பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நெடிய மூங்கில் தூண்டிலோடு நீர்க்கரையில் நிற்கிற பாண்மகன் ஒருவன் வருகிறான். அவனுடைய முள்ளிலிருந்து இரையைக் கவ்விக்கொண்டு தப்பித்த வாளை மீன் ஒன்று, அதன் பிறகு கரையோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் ஆடினாலும் தூண்டில்தான் என்று பயந்து ஒடுங்குகிறதாம். இதை எழுதிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் மீன் பிடித்தாரோ இல்லையோ, மீன் பிடிக்கிற இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். உட்காராதவனுக்கு அந்த நிழல் தெரியாது. புலவருக்கு அது கௌரவக் குறைவாகப் படவில்லை. நமக்குப் படுகிறது.

சரி, கௌரவம் போனால் போகட்டும், போகாவிட்டால் இருக்கட்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் பெரிது. நம் மாநிலத்தில் சுமார் 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் என்று கணக்கு. படித்தவர்களும் சம்பளக்காரர்களும் ஏரிக்கரைக்குப் போவதை நிறுத்தி இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது. போகாத இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்துத்தான் தியாகராய நகர் உண்டாயிற்று. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது, ஏரி இல்லை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எதிர் வீட்டு மாடியில் உலர்த்திய துணிதான் தெரிகிறது. அதெல்லாம் பழைய கதை, வெள்ளைக்காரன் காலத்து வேலை என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பிறகு நம் காலத்தில், நம் கண்ணெதிரே, எத்தனை ஏரிகளின் வாயில் மண்ணைப் போட்டு மனை பிரித்தோம்? 2015 டிசம்பரில் சென்னையின் எத்தனையோ வீடுகளில் முதல் மாடி வரை வெள்ளம் வந்தபோது, "ஏரி உடைந்து வீட்டுக்குள் வந்துவிட்டது" என்று அழுதோம். பல இடங்களில் உண்மை அதற்கு நேர்மாறு. நாம்தான் ஏரிக்குள் போய் வீடு கட்டியிருந்தோம். அடுத்து 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டு வெடித்தபோது, லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினோம். இரண்டு தடவையும் ஏரி என்று ஒன்று இருப்பது நமக்கு ஞாபகம் வந்தது. இடையில் வரவில்லை.

லட்சக்கணக்கான வாசகர்கள் ஓர் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவனோடு வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை ஏறிப் போயிருக்கிறார்கள். 1950-இல் கல்கி அந்தக் கதையைத் தொடங்கியது முதல் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஏரிதான் வீராணம். 2004 முதல் அதன் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. அந்தக் கரையில் கதையில் குதிரை ஏறியவர்களில், சொந்தக் காலால் நடந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய நான் இதைக் கேட்பது தகாதுதான். ஆனாலும் கேட்கிறேன்.

இனித் தபாலில் வந்த கடிதம். எழுதியவர் ஒரு வாசகி. பெயர் வேண்டாம். 'எழுத்தாளர் என்பவர் அன்பைப் போதிக்க வேண்டியவர். குழந்தைகள் கையில் தூண்டிலைக் கொடுத்து உயிர்வதை செய்யப் பழக்குகிறீர்களே. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தது உங்களுக்குத் தெரியாதா?' என்று கேட்கிறார். வந்த ஆட்சேபங்களில் மரியாதைக்குரியது இது ஒன்றுதான்.

சூதாடி ஜெயிப்பது மீன் தூண்டில் முள்ளை விழுங்கியது போன்றது என்று அதே வள்ளுவர்தான் உவமை சொன்னார், ஏரிக்கரைப் பக்கமே போகாதவருக்கு அந்த உவமை எப்படிக் கிடைத்திருக்கும் என்று நான் சாமர்த்தியமாகப் பதில் எழுதியிருக்கலாம். எழுதி, கிழித்தும் போட்டேன். அது வக்கீல் வாதம். அம்மணி, முள் மீனின் வாயில் தைக்கும். வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். மாமிசமே தொடாதவராக நீங்கள் இருந்தால் உங்களுக்கு முன்னால் நான் வாய் திறக்க உரிமை இல்லாதவன். ஆனால் என் வீட்டில் மீன் சாப்பிடுகிறோம். என் மகன் அதுவரையில் பார்த்த மீனெல்லாம் வெட்டிக் கழுவிப் பாலிதீன் பையில் வருகிற துண்டம்தான். அதற்குக் கண் உண்டு, அது துடிக்கும், அதற்குச் சாக இஷ்டமில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. துண்டத்தைத் தின்று தின்று ஒரு நாளும் துடிப்பைப் பார்க்காமல் வளர்வது ஜீவகாருண்யமா? முதல் கெண்டை கரையில் விழுந்து துள்ளியபோது அவன் ஓடிப்போய் அவன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டான். பிறகு வந்து, "அப்பா, இதை விட்டுடலாமா?" என்றான். விட்டோம். அடுத்ததை அவனே, "இது பெரிசு, சாப்பிடலாம்" என்றான். எது விடுவது, எது கொல்வது என்று அந்தப் பையன் அன்று யோசித்த யோசனையை மீன் கடையில் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

எங்களுக்குள் சில விதிகள் வைத்துக்கொண்டோம். உள்ளங்கையைவிடச் சிறியதானால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து உடனே தண்ணீரில் விடுவது. வைத்துக்கொள்வதானால் பையில் போட்டு மூச்சுத் திணற விடாமல் தலையில் ஒரு தட்டுத் தட்டி உடனே முடித்துவிடுவது. அந்த வேலை என்னுடையது. ஒரு வேளைக் குழம்புக்கு ஆனதும் தூண்டிலைச் சுருட்டுவது. பிடித்த மீனோடு படம் எடுத்துக்கொண்டு மீனைத் திரும்ப விட்டுவிடுகிற ஒரு நாகரிகம் இப்போது பரவி வருகிறது. அதை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. பசிக்காகவும் அல்ல, வீட்டுக்காகவும் அல்ல, ஒரு படத்துக்காக ஓர் உயிரை வாயில் குத்தித் தூக்கிப் பிடிப்பதா? கடிதம் எழுதிய அம்மாள் இவர்களுக்கு ஒன்று எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

போன கதையைச் சொல்லவில்லையே. ஏரியின் பெயர் வேண்டாம்; செங்கற்பட்டு ஜில்லாவில் நூற்றுக்கணக்கில் இருக்கிறவற்றில் ஒன்று. முதல் நாள் சாயங்காலம் நான் மட்டும் போய், மீன்பாசி ஏலத்தில் குத்தகை எடுத்திருக்கிறவரைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்டேன். ஏரி மீன் ஊர்ச் சொத்து என்றாலும், ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டுப் பணம் போட்டிருக்கிறார். கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாலு பேருக்குத் தூண்டில்தானே சார்? போடுங்க. வலை கிலை கொண்டாராதீங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். பள்ளம் எங்கே என்று மட்டும் காட்டினார். அது முக்கியம். ஏரிக்குள் மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. முழங்கால் ஆழம் என்று காலை வைத்தால் அடுத்த எட்டு இரண்டு ஆள் ஆழம். வருஷா வருஷம் விடுமுறையில் குழந்தைகள் இப்படிச் செத்துப்போகிற செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். எங்கள் குழந்தைகளுக்கு இட்ட கட்டளை, கரையில் உட்காரலாம், தண்ணீரில் காலை வைக்கக் கூடாது என்பது. இன்னொன்று, புரட்டாசியில் பிற்பகல் இடி மின்னல் சொல்லாமல் வரும்; மூன்று மணிக்கு மேற்கே கறுத்தால் தக்கை முழுகிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும்.

காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மடைக்கு அந்தப் பக்கம் ஆகாயத் தாமரை பச்சைப் பாய் விரித்ததுபோல் அடைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கிழவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். நான் அறிந்த கிழவர் அல்ல. அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் உட்கார்ந்திருந்த தினுசு அதேதான். என் பெண் அவரைப் பார்த்து, "தாத்தா, இங்கே உட்காரலாமா?" என்று கேட்டாள். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் ஒன்பது வயதில் செய்யத் தவறியதை அவள் யாரும் சொல்லாமல் செய்துவிட்டாள்.

பத்து மணிக்குள் ஒன்பது மீன். ஏழு ஜிலேபி, இரண்டு கெண்டை. கிழவர் எங்கள் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கெண்டை குறைஞ்சு போச்சு" என்றார். முன்பெல்லாம் இந்த மடையில் கெண்டையும் உளுவையும் ஆராலுமாக இருக்குமாம். ஜிலேபி என்கிற திலாப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தது 1952-இல். முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுகிற சாமர்த்தியசாலி. அழுக்குத் தண்ணீரும் அதற்குப் பெரிய கஷ்டமில்லை. நம் பழைய குடிகளுக்கு அது முடியவில்லை. கிழவர் வடக்கே கையைக் காட்டினார். புதிய மனைப்பிரிவிலிருந்து ஒரு கறுப்புக் கால்வாய் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "மொத மழைக்கு அந்தச் சாக்கடை மொத்தமா அடிச்சுக்கிட்டு வரும். விடியக்காலம் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். அப்புறம் மிதக்கும். விராலும் தேளியும் காத்தைக் குடிச்சுப் பொழைச்சுக்கும். கெண்டைக்கு அது தெரியாது" என்றார்.

ரசாயன சாஸ்திரம் படித்தவர்கள் இதையே, கழிவு மக்கும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது என்று சொல்வார்கள். அவர்கள் வந்து சீசாவில் நீர் எடுத்துப் போய்ச் சொல்ல வேண்டியதை அந்த மனிதர் ஒரு பாத்திரத்தை எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவர் சொல்வதை யார் கேட்கப் போகிறார்கள்? அந்த மனைப்பிரிவில் வீடு கட்டியிருக்கிறவர்கள் நம்மைப் போன்றவர்கள். அவர்களில் ஒருவர் வாரம் ஒரு நாள் தன் பிள்ளையோடு இந்த மடையில் வந்து உட்கார்ந்திருந்தால், தன் வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று அந்தப் பிள்ளையே கேட்டிருக்கும். என் பெண் கேட்டாள்: "நம்ம வீட்டுத் தண்ணி எங்கேப்பா போகுது?" எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பதில் சொல்வதற்காக மறு வாரம் எங்கள் தெருவின் கால்வாயைத் தொடர்ந்து நடந்து போனேன். அந்தக் கதை வேறு. நகராட்சிக்கு இதுவரை மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் கண்மாய் வற்றுகிற கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே தண்ணீரில் இறங்கும். சுற்றுப்பட்டு ஊர் ஜனங்களும் இறங்குவார்கள். ஆண், பெண், குழந்தை பேதமில்லை. அன்று வீட்டுக்கு வீடு மீன் குழம்பு. மழை பெய்து கண்மாய் நிறைய வேண்டுமென்று சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். வருஷத்தில் ஒரு நாளாவது ஊரே கால் வைக்கிற கண்மாயை யாராலும் சத்தமில்லாமல் தூர்த்துவிட முடியாது. அடுத்த கோடையில் ஊர் கேட்கும். எங்கள் பக்கத்து ஏரிகளுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

எங்களுக்கு ஒரு ராமர் இருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மதுராந்தகம் ஏரி உடைந்துபோகிற நிலையில் இருந்தபோது, லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர் இரவு மழையில் கரைக்குப் போய்ப் பார்க்க, வில்லோடு இரண்டு பேர் காவல் நின்றார்களாம். கரை உடையவில்லை. கலெக்டர் நேர்ந்துகொண்டபடி தாயாருக்குச் சந்நிதி கட்டிக் கொடுத்தார். அன்று முதல் அவர் ஏரி காத்த ராமர். கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ராமலட்சுமணர்கள் காவல் நின்றதைப் பார்ப்பதற்காவது அந்தக் கலெக்டர் கொட்டுகிற மழையில் கரைக்குப் போனார். நம் நண்பர் போயிருக்க மாட்டார். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

இந்த வருஷமும் போகிறோம். புரட்டாசி மூன்றாவது ஞாயிறு என்று தேதி வைத்தாயிற்று. குத்தகைக்காரரிடம் சொல்லியாயிற்று. அத்தான் பிரியாணிப் பொட்டலத்தை ஆறாகக் குறைத்துக்கொண்டு தாமும் வருவதாகத் தூது அனுப்பியிருக்கிறார். பாட்டுப் பெட்டி வரக் கூடாது என்று பதில் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் வருகிறாள். மீனுக்காக அல்ல; போகிற வழியில் ராமரைச் சேவிக்க வேண்டுமாம். தரிசனம் முடிகிற வரையில் மண்புழு டப்பாவைக் காரில் எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் இப்போது வீட்டில் நடக்கிற ஆலோசனை.